தவணையின் கடைசி வாரம்: பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள்



மீள்குடியேறிய குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "தவணைச் சோதனை முடிஞ்சுது. இனிப் பள்ளிக்கூடத்தில என்ன படிப்பு? விளையாட்டுத்தானே. பிள்ளை வீட்டில நிண்டால் காணி துப்புரவாக்க ஒரு கை உதவி." இப்படிக் கேட்பவர்களில் பிழையில்லை. பற்றை மூடிய காணி, கூரையில்லாத வீடு, இறைக்க வேண்டிய கிணறு என்று வேலை தலைக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் பரீட்சைக்குப் பிந்திய அந்தச் சில நாட்கள் திரும்பி வந்த பிள்ளைக்கு மிகவும் தேவையானவை. ஏன் என்பதையும், நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் போன்ற ஊர்களின் மக்கள் 2006 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தார்கள். மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களிலும் பல வருடங்கள் இருந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015 இலும் 2016 இலும் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. பெற்றோருக்கு இது திரும்பி வந்த ஊர். முகாமில் பிறந்த பிள்ளைக்கோ இது புதிய ஊர், புதிய பாடசாலை, தெரியாத முகங்கள். அந்தப் பிள்ளை பாடத்தை எப்படியும் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் ஒரு கூட்டாளியைப் பிடிப்பதுதான் கடினம். அதற்கு வழி திறப்பது பெரும்பாலும் தவணை முடிவில் நடக்கும் விளையாட்டுகளும் சிறு போட்டிகளும்தான்.

தவணை முடிவில் என்ன நடக்கும்?

எங்கள் பாடசாலைகளுக்கு வருடத்தில் மூன்று தவணைகள். வழமையான ஆண்டுகளில் முதலாம் தவணை சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும், இரண்டாம் தவணை ஆடி, ஆவணி மாதங்களிலும், மூன்றாம் தவணை மார்கழியிலும் முடியும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை வருவதால் அவற்றின் தவணைத் திகதிகள் வேறுபடும். பிள்ளைகள் இரண்டு வகைப் பாடசாலைகளில் படித்தால் இரண்டு அதிபர்களிடமும் திகதியைத் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சை முடிந்ததும் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவார்கள், தேர்ச்சி அறிக்கை எழுதுவார்கள். அந்த இடைவெளியில் 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரையான வகுப்புகளுக்குள் சிறு போட்டிகள் நடக்கும். முதலாம் தவணை முடிவென்றால் புத்தாண்டு விளையாட்டுகள்: கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை. இரண்டாம் தவணை முடிவில் வகுப்புகளுக்கிடையே எல்லே, கிரிக்கெட், வலைப்பந்து, கரப்பந்து. மூன்றாம் தவணை முடிவு மாரிகாலம். மைதானத்தில் தண்ணீர் நிற்கும். ஆகவே கரம், சதுரங்கம், வினாவிடை, சித்திரம், கையெழுத்துச் சஞ்சிகை, ஒளிவிழா நிகழ்ச்சி என்று எல்லாம் கூரையின் கீழே நடக்கும். எல்லாப் பாடசாலையிலும் எல்லாம் இருக்காது. ஆசிரியரின் ஆர்வத்தையும் இடவசதியையும் பொறுத்தது.

ஏன் இந்த வயதில் முக்கியம்?

6 ஆம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு 11 வயதளவில் இருக்கும். ஆரம்ப வகுப்பில் ஓர் ஆசிரியரே நாள் முழுவதும் கூட இருந்தார். இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒரு பிள்ளை வகுப்பின் மூலையில் பேசாமல் இருந்தால் அதை உடனே கவனிக்க ஆளில்லாமல் போகலாம். இந்த வயதில் "பள்ளிக்கூடம் பிடிக்கயில்லை" என்று சொல்லத் தொடங்கும் பிள்ளை மெல்ல மெல்ல நின்றுவிடவும் கூடும். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தன்னைத் தேடுவதற்கு வகுப்பில் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணந்தான் ஒரு பிள்ளையை நாள்தோறும் பாடசாலைக்கு வரவைக்கிறது.

விளையாட்டு இந்த இடத்தில் உதவுகிறது. கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். மண்ணில் கோடு கீறினால் போதும். ஒரு பக்கத்தார் கோடுகளில் நின்று மறிப்பார்கள், மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் கடந்துபோய்த் திரும்ப வேண்டும். ஆனால் சட்டம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கிளி எந்தக் கோட்டில் ஓடலாம், போகிறவரும் திரும்புகிறவரும் ஒரே பெட்டிக்குள் நிற்கலாமா என்பதெல்லாம் மட்டக்களப்பில் விளையாடிய பிள்ளைக்கு ஒரு விதமாகவும், முகாமில் விளையாடிய பிள்ளைக்கு இன்னொரு விதமாகவும் பழக்கமாயிருக்கும். "எங்கட ஊரில இப்பிடித்தான்" என்று வாக்குவாதம் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விளையாடத் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு சட்டத்துக்கு ஒத்துக்கொண்டால், அது அந்தப் பிள்ளைகள் சேர்ந்து செய்துகொண்ட முதல் உடன்பாடு. புதிதாக வந்த பிள்ளையின் சட்டமும் அதில் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

எல்லோரும் விளையாடக் கிடைக்கிறதா?

சிநேகபூர்வப் போட்டி என்றாலும் அதை நடத்தும் விதத்தில் ஒரு பிள்ளை ஒதுக்கப்படலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் இரண்டு விடயங்களைக் கேட்கலாம்.

முதலாவது, போட்டி எந்த முறையில் நடக்கிறது? தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் 8 அணிகள் விளையாடினால் மொத்தம் 7 ஆட்டங்கள். முதல் சுற்றோடு 4 அணிகள் வீட்டுக்குப் போய்விடும். 4 அணிகள் ஒன்றோடொன்று மோதும் முறையில் 6 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் 3 ஆட்டங்கள் நிச்சயம். நேரம் குறைவென்றால் ஆட்ட நேரத்தைச் சுருக்கலாம். கடைசியாக வந்த பிள்ளைக்கும் மூன்று முறை களத்தில் இறங்கக் கிடைக்கும்.

இரண்டாவது, அணிகள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன? பிள்ளைகளையே தெரிவு செய்ய விட்டால் தெரிந்த முகங்கள்தான் முதலில் எடுபடும், புதிய பிள்ளை கடைசியில் நிற்கும். "முகாம்காரர்", "ஊர்க்காரர்" என்று இரண்டாகப் பிரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. சீட்டுக் குலுக்கியோ, இடாப்பு வரிசையிலோ ஆசிரியரே பிரித்தால் அந்தக் கதை வராது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான இல்லம் உங்கள் பிள்ளைக்குக் குறித்துத் தரப்பட்டதா என்றும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். இடையில் சேர்ந்த பிள்ளையின் பெயர் இல்லப் பட்டியலில் விடுபட்டுப் போவது உண்டு.

காயத்தாலோ வேறு காரணத்தாலோ ஓட முடியாத பிள்ளைக்கும் இடமிருக்கிறது. புள்ளி குறித்தல், நேரம் பார்த்தல், ஒலிவாங்கியில் அறிவித்தல், முடிவுகளை எழுதி ஒட்டுதல் எல்லாம் போட்டிக்குத் தேவையான வேலைகள். பார்வையாளராக ஓரத்தில் இருத்திவிட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பேச்சும் பாட்டும்

விளையாட்டில் விருப்பமில்லாத பிள்ளைக்குத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் இருக்கின்றன. பேச்சு, கட்டுரை, பாவோதல், இசை, நடனம், நாடகம், வில்லுப்பாட்டு என்று பல பிரிவுகள். பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக உயர்ந்து அகில இலங்கை மட்டம் வரை போகலாம். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. சம்பூர்ப் பக்கத்துப் பாடசாலைகள் மூதூர் வலயத்தைச் சேர்ந்தவை.

தவணை முடிவில் வகுப்பில் நடக்கும் சிறு பேச்சும் நாடகமும் இந்தப் பெரிய போட்டிகளுக்கு நல்ல பயிற்சி. அங்கே இரண்டு நிமிடம் எழுந்து நின்று பேசிப் பழகிய பிள்ளை, அடுத்த தவணையில் மேடை ஏறத் தயங்காது. வலய மட்டத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு வயதையும் தரத்தையும் உறுதிப்படுத்த வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் இப்போதே பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். போட்டிக்கு முதல் நாள் ஓடித் திரிய வேண்டியிருக்காது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

காசு: நிற ரி-சேட், சப்பாத்து, சிற்றுண்டிக் காசு என்று கேட்கக்கூடும். கொடுக்க வசதியில்லை என்றால் பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். பாடசாலைச் சீருடையோடும் வெறுங்காலோடும் சாக்கோட்டம் ஓடலாம். இல்லத்தின் நிறத்தில் ஒரு துண்டு நாடா கையில் கட்டினால் போதும்.

சாப்பாடும் தண்ணீரும்: இரண்டாம் தவணை முடியும் காலத்தில் கச்சான் காற்று வீசும். வெறும் வயிற்றோடு வெயிலில் ஓடும் பிள்ளை மயங்கி விழலாம். காலையில் ஏதாவது சாப்பிட வைத்து, ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். ஓட்டப் போட்டிகளைக் காலை வேளையில் வைக்கும்படி ஆசிரியர்களிடம் கேட்கலாம்.

பந்து பற்றைக்குள் போனால்: துப்புரவு செய்யப்படாத காணிக்குள் பந்து விழுந்தால் பிள்ளை அதை எடுக்கப் போகக்கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பந்து போனால் இன்னொன்று வாங்கலாம்.

வீடு திரும்புதல்: போட்டி நாட்களில் பாடசாலை முடியும் நேரம் மாறும். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். தூரத்துப் பிள்ளைகளைக் கூட்டாக அனுப்புங்கள், கூட்டாகக் கூட்டி வாருங்கள். பிள்ளையை யாரும் அடித்தாலோ துன்புறுத்தினாலோ சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு அழைக்கலாம்.

தோல்வி: தோற்றுவிட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "எத்தினையாம் இடம்?" என்று முதலில் கேட்க வேண்டாம். "ஆரோட விளையாடினாய்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால், அந்த வாரம் பயன்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடைசி நாள்: தேர்ச்சி அறிக்கை அநேகமாக அன்றுதான் கைக்கு வரும். புதிய தவணை தொடங்கும் திகதியையும் அன்றே சொல்வார்கள். ஆண்டின் இறுதியென்றால் அடுத்த ஆண்டுப் பாடநூல், சீருடை பற்றிய விபரங்களும் அப்போது தெரியவரும். முடிந்தால் தாயோ தகப்பனோ ஒருவர் போய்வாருங்கள்.

இன்னும் திரும்பி வராத குடும்பங்களுக்கு

சொந்த ஊருக்கு வரும் திகதி தவணை முடிவுக்குக் கிட்ட வந்தால், முடியுமானவரை பிள்ளை இருக்கிற பாடசாலையிலேயே அந்தத் தவணையை முடிக்க விடுங்கள். அங்கே கடைசிப் போட்டியில் விளையாடி, கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு வரட்டும். பலமுறை இடம்பெயர்ந்த பிள்ளைகள் அநேகமாக ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டவர்கள். இம்முறையாவது சொல்லிவிட்டு வரக் கிடைத்தால் மனம் ஆறும். வரும்போது மாணவர் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள், போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தண்ணீர் படாத உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அந்தச் சான்றிதழைக் கண்டால், இந்தப் பிள்ளைக்கு என்ன வரும் என்று புதிய ஆசிரியர் உடனே தெரிந்துகொள்வார்.

ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டீர்கள், தவணை முடிய இன்னும் இரண்டு வாரந்தான் இருக்கிறது என்றால், "அடுத்த தவணைக்குச் சேர்ப்பம்" என்று காத்திருக்க வேண்டாம். ஆவணம் ஏதும் குறைந்தாலும் அதிபரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லி இப்போதே சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் பிள்ளை பெரிதாகப் பாடம் படிக்காமல் போகலாம். ஆனால் விடுமுறையில் தேடிப்போக இரண்டு கூட்டாளிகள் இருப்பார்கள். அடுத்த தவணையின் முதல் நாள் வகுப்புக்குள் நுழையும்போது, "இஞ்ச வா, எனக்குப் பக்கத்தில இரு" என்று கூப்பிட ஒருவர் இருப்பார்.

காணி வேலை அடுத்த வாரமும் இருக்கும். தவணையின் கடைசி வாரம் அந்தத் தவணைக்கு ஒருமுறைதான் வரும். பிள்ளையை அனுப்பிவையுங்கள்.