ஐஸ் மேக்கர் ஃபிரிட்ஜ்: மொட்டைமாடித் தொட்டியின் உயரம் போதுமா?

கதவிலேயே ஐஸ் கட்டி தரும் பெரிய ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுப்பது பிளம்பருக்குச் சின்ன வேலை. கால் அங்குல டியூப், ஒரு டீ, ஒரு வால்வு போதும். சிக்கல் பெரும்பாலும் குழாயில் இருப்பதில்லை; அதில் வரும் தண்ணீரின் அழுத்தத்தில் இருக்கிறது.

ஃபிரிட்ஜின் பின்புறம் மின்சாரத்தில் இயங்கும் சோலினாய்டு வால்வு உண்டு. பல மாடல்களில் அது சில விநாடிகள் மட்டும் திறந்து, ஐஸ் தட்டை நிரப்பிவிட்டு மூடிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் அதற்குள் தட்டு நிரம்பாது. கட்டிகள் சிறுத்தும் உள்ளே பொள்ளலாகவும் வரும். இந்த வால்வு இறுக மூடுவதற்கும் தண்ணீரின் அழுத்தம் வேண்டும். அது போதாவிட்டால் நீர் சொட்டிச் சொட்டி, உள்ளே போகும் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம் கேட்கிறார்கள். சில மாடல்களுக்கு 30, 40 கூடத் தேவை. தொட்டியில் இருந்து இறங்கும் தண்ணீர் 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பிஎஸ்ஐ தரும். 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் மேல் உள்ள தொட்டி, தரைத்தள அடுப்படிக்கு 10 பிஎஸ்ஐ அளவில்தான் தரும். அடுக்ககத்தில் கீழ்த்தளத்தாருக்குக் கிடைக்கும் அழுத்தம் மேல்தளத்தாருக்குக் கிடைக்காது. அங்கெல்லாம் பிரஷர் பம்ப் தேவைப்படும்.

சுவரில் மாட்டும் ஆர்ஓ கருவியில் இருந்து இணைக்கலாமே என்று தோன்றும். அதன் தொட்டியிலிருந்து நீர் தானாக வடிகிறதே தவிர, அழுத்தத்தோடு வருவதில்லை. தனி பூஸ்டர் பம்ப் இல்லாமல் அது உதவாது.

நேரடியாகப் போர் தண்ணீரைக் கொடுத்தாலும் சிக்கல்தான். ஃபிரிட்ஜோடு வரும் கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையைக் குறைக்கும். கரைந்த உப்பை நீக்காது. நாளடைவில் வால்வில் உப்புப் படியும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, கரைந்த உப்புகளின் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமைச் சொல்கிறது.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• குளிர்நீர்க் குழாயிலிருந்து மட்டும் எடுங்கள். ஃபிரிட்ஜுக்கென்று தனி ஆங்கிள் வால்வு வையுங்கள்.

• குழாயைத் துளைத்துக் கவ்வும் சேடில் வால்வு வேண்டாம். எளிதில் அடைக்கும், கசியும்.

• டியூபை நேராக வெட்டி, முழுதாக உள்ளே செருகுங்கள். ஃபிரிட்ஜை இழுத்து நகர்த்தும் அளவுக்கு நீளம் விடுங்கள்.

• மாட்டுமுன் சில லிட்டர் தண்ணீரை வாளியில் ஓடவிடுங்கள். கசிவில்லை என்று உறுதியானபின் ஃபிரிட்ஜைச் சுவரோரம் தள்ளுங்கள்.

• முதல் கட்டிகள் விழ 24 மணி நேரம்வரை ஆகலாம். முதலில் விழும் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள்.

குழாயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் நிலவரம் உடனே தெரிந்துவிடும். அழுத்தம் போதாது, பம்புக்கும் வசதியில்லை என்றால், கையால் தண்ணீர் ஊற்றும் தொட்டியுள்ள மாடல்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குக் குழாயே வேண்டாம். பணம் கட்டுமுன் கேஜைப் பார்த்துவிடுவது நல்லது.