டி.வி. வாங்கும்போது தரையில் உட்கார்ந்து பாருங்கள்!

2025 செப்டம்பர் 22 முதல், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அவ்வளவுதான், "இனி என்ன யோசனை?" என்று எங்கள் தெரு ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். எங்களோடு சேர்த்து நாலு வீட்டில் பெரிய டி.வி. வந்து இறங்கிவிட்டது. வாங்கியதில் தப்பே இல்லை. ஆனால் மற்ற மூன்று வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டி.வி.யைத் தேர்வு செய்கிறவர் சோபாவில் சாய்ந்து உட்காருகிறவர். பகலெல்லாம் அதோடு இருக்கிறவரோ, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவர். இரண்டு பேர் கண்ணுக்கும் அந்த டி.வி. ஒரே மாதிரி தெரிவதில்லை, தோழிகளே!

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், பத்தாவது படிக்கும் மகன், ஏழாவது படிக்கும் மகள், என் மாமியார். அத்தைக்கு 74 வயது. கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. சோபாவில் உட்காரச் சொன்னால், "எனக்கு அது அமுங்குதும்மா" என்று பாயை விரித்துச் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். பூ கட்டுவது, முருங்கைக்கீரை உருவுவது, பாசிப்பயறில் கல் பொறுக்குவது எல்லாம் அங்கேதான். நானோ, பாதி நேரம் அடுப்படி வாசல்படியில் கரண்டியும் கையுமாக நிற்கிறவள்.

நான் கட்டிய சீட்டு எடுத்த 40 ஆயிரம் கையில் இருந்தது. என்னவர் 65 இன்ச் என்றார். மகன் அப்பா கட்சி. இன்ச் என்பது அகலம் இல்லை, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள அளவு. 65 இன்ச் டி.வி. என்றால் அகலம் கிட்டத்தட்ட 57 இன்ச், உயரம் 32 இன்ச். சொன்னால் யாருக்கும் புரியவில்லை. பழைய நாளிதழ்களை எடுத்து, அந்த அளவுக்கு ஒட்டி, ஹால் சுவரில் டேப் போட்டு மாட்டினேன். சுவிட்ச் போர்டு மறைந்துவிட்டது. காலண்டர் ஆணி மறைந்தது. மாமனார் படத்தில் பாதி மறைந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அவரை வேணா ரூமுக்குள்ள மாட்டிடலாம்ப்பா, பிள்ளைங்க ஆசைப்படுது" என்று சொன்னார்கள். என்னவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே காகிதத்தை 50 இன்ச்சுக்கு மடித்துவிட்டிருந்தார். அகலம் 44, உயரம் 25. படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

50-க்கும் 65-க்கும் வெறும் 15 இன்ச்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். பரப்பில் 65 என்பது ஒன்றரை மடங்குக்கும் மேல். தூரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. டி.வி. எத்தனை இன்ச்சோ, அதைப்போல் ஒன்றேகால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு இதம். 50 இன்ச்சுக்கு ஐந்தேகால் அடியிலிருந்து ஆறேகால் அடி வருகிறது. 65 என்றால் ஆறேமுக்காலிலிருந்து எட்டு அடிக்கு மேல். அத்தையின் பாய்க்கும் டி.வி. சுவருக்கும் இடையே சரியாக ஆறு அடி. இந்தக் கணக்கைச் சோபாவிலிருந்து போட்டிருந்தால் 65 கூடச் சரி என்றுதான் வந்திருக்கும்!

கடைக்குப் போனோம். அங்கே எல்லா டி.வி.யிலும் ஒரே மாதிரி கிளி, மீன், பனிமலை. அள்ளிக்கொண்டு போகும் நிறம். அது அந்தத் திரைக்கென்றே எடுத்த படம். கூடவே கடை வெளிச்சத்துக்காக டி.வி.யின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள். நான், "நாங்க வீட்ல பாக்குற சாதாரண சேனல் போடுங்க" என்றேன். விற்பனைப் பையனுக்கு முகம் சுருங்கியது. போட்டதும் எனக்கும்தான். நாயகியின் மூக்குத்தி எங்கே, மூக்கு எங்கே என்று தெரியவில்லை. காரணம் டி.வி. இல்லை. சாதாரண சேனலில் ஒரு படத்துக்குச் சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையிலோ 83 லட்சம். ஒரு படி மாவை இருபது படி பாத்திரத்தில் பரப்பினால் எப்படி இருக்கும்? எச்.டி. பெட்டியும் எச்.டி. சேனலும் இல்லாமல் பெரிய டி.வி. வாங்குவது வீண்தான். பெட்டியையும் எச்.டி.எம்.ஐ. ஒயரில்தான் மாட்ட வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் இருக்குமே, அதில் எச்.டி. வராது. கீழ வீட்டில் பணம் கட்டி எச்.டி. வாங்கிவிட்டு, பழைய மூன்று ஒயரிலேயே மூன்று மாதம் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து நான் செய்ததைத்தான் என் மகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். டி.வி.க்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். அப்புறம் கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "மேடம், ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று ஓடி வந்தான் பையன். "இல்லப்பா, எங்க அத்தை இந்த உயரத்துலதான் இருப்பாங்க" என்றேன். இது விளையாட்டுக்குச் செய்ததில்லை. எல்.இ.டி. என்று விற்கும் டி.வி.களில் ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று இரண்டு ரகத் திரை உண்டு. வி.ஏ. ரகத்தில் நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஓரமாக நின்றாலோ, மிகவும் கீழேயிருந்து அண்ணாந்தாலோ நிறம் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ்.ஸில் எந்தப் பக்கம் நின்றாலும் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் இருட்டு அறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். ஓ.எல்.இ.டி.யில் இரண்டு தொல்லையும் குறைவு, விலைதான் தொல்லை! அடுப்படி வாசலில் நிற்கிறவளுக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டுமா? ஐ.பி.எஸ். எடுத்தோம்.

இன்னொன்று, ஆண்கள் பெரும்பாலும் ராத்திரிதான் டி.வி. பார்க்கிறார்கள். நாம் பார்ப்பது மத்தியானம். எதிரே ஜன்னல் இருந்தால் திரையில் சீரியல் தெரியாது, ஜன்னல் கம்பியும் கொடியில் காயும் துணியும்தான் தெரியும். மாட்ட வருகிறவரைப் பகலிலேயே வரச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தே இடத்தை முடிவு செய்யுங்கள்.

மாட்ட வந்தவரோடுதான் எனக்கு உண்மையான வாக்குவாதம். அவர் ஐந்தரை அடி உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார். "எல்லார் வீட்லயும் இப்படித்தாம்மா. லுக்கா இருக்கும்" என்றார். சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடிதான். ஐந்தரை அடியில் மாட்டினால் அத்தை தினம் நாலு மணி நேரம் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து கிடக்க வேண்டும். அந்தக் கழுத்துக்கு அது தாங்குமா? திரையின் நடுப்பகுதி மூன்றேகால் அடிக்கு மேல் போகக்கூடாது என்று நின்றேன். "கீழ இருந்தா குழந்தைங்க கை வைக்கும்" என்றார். அது நியாயமான பேச்சு. என் நாத்தனாரின் இரண்டு வயதுப் பையன் லீவுக்கு வருவான். அதனால்தான் மேஜையில் காலை ஊன்றி நிறுத்தாமல் சுவரில் மாட்டச் சொன்னேன். தட்டை டி.வி. எடை குறைவு, அடியில் இரண்டு மெல்லிய கால்தான். குழந்தை ஓரத்தைப் பிடித்து எழுந்தால் அப்படியே முன்னால் சாய்ந்து குழந்தை மேலேயே விழும். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட விடமாட்டார்கள் என்றால், டி.வி.யின் பின்பக்கத்தைப் பட்டை போட்டுக் கனமான மேஜையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கட்டாமல் மட்டும் விடாதீர்கள். டி.வி. அடியில் ஸ்டூல், பொம்மை எதுவும் வேண்டாம், அதில் ஏறித்தான் குழந்தைகள் எட்டும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருந்தால் அங்கேயும் மாட்ட வேண்டாம்.

டி.வி. வந்த முதல் வாரம் அத்தை வாயே திறக்கவில்லை. பழைய டி.வி.யில் ஒரு பட்டனை அழுத்தினால் அவர்கள் விட்ட சேனல் வரும். இதில் சுவிட்சைப் போட்டால் ஏதேதோ சினிமாப் படமும் விளம்பரமுமாக ஒரு பக்கம் வந்து நிற்கிறது. ரிமோட்டும் இரண்டு. மத்தியானம் சீரியலை வைக்கத் தெரியாமல், பேத்தி பள்ளி விட்டு வரும்வரை இருண்ட திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ரேஷன் கடையிலிருந்து வந்தபோதுதான் பார்த்தேன். "ஏன் அத்தை, போன் பண்ணக்கூடாதா?" என்றால், "அதுக்குப் போய் உன்னைக் கூப்பிடுவாங்களா?" என்கிறார்கள். தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு ஒரு சேனல் வைக்க முடியாமல் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது என்னைத் தூங்கவிடவில்லை. அன்று ராத்திரியே மகனை உட்கார வைத்து செட்டிங் முழுவதையும் தேடச் சொன்னேன். ஆன் செய்ததும் விளம்பரப் பக்கத்துக்குப் போகாமல், கடைசியாகப் பார்த்த எச்.டி.எம்.ஐ.க்கே நேராகப் போக வழி இருந்தது. இது நிறைய டி.வி.களில் உண்டு, அமைக்கத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. டி.வி. ரிமோட்டின் ஆன் பட்டனைக் கற்றுக்கொள்ளும் வசதி எங்கள் டி.டி.எச். ரிமோட்டில் இருந்தது. ஆக, ஒரே ரிமோட். அதில் ஆன் பட்டனுக்கு மகளின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு, சவுண்டுக்கு இரண்டு பொட்டு. இப்போது அத்தை ராஜ்யம்தான்.

சவுண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய பெட்டி டி.வி.யில் ஸ்பீக்கர் முன்னால் பார்த்திருக்கும். தட்டை டி.வி.யில் இடமில்லை, பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைக்கிறார்கள். இசை இரைகிறது, பேச்சு கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் தனி ஸ்பீக்கர் வாங்குமுன், சவுண்ட் செட்டிங்கில் பேச்சைத் தெளிவாக்கும் ஒரு வசதி இருக்கும், போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதேபோல் படத்தின் அகலத்தை இழுத்து வைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 1950-களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறையச் சதுரமாக எடுத்தவை. இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பட்டை பிடிக்காமல் சிலர் இழுத்துவிட, சாவித்திரியும் பத்மினியும் பாவம், பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

துடைப்பது நம் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பழைய டி.வி. முகம் கெட்டிக் கண்ணாடி. ஈரத்துணி போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. இப்போதைய எல்.இ.டி. திரைகளில் பெரும்பாலும் மேலே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்தால் படலம் கெடும். வழியும் நீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கினால் அங்கிருக்கும் மின்இணைப்புகளைக் கெடுத்துவிடும். மூன்றாம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு, ஒட்டடை ஒழித்த கையோடு ஈரத்துணியை ஓட விட்டிருக்கிறார்கள். மறுநாள் திரையில் செங்குத்தாகக் கோடுகள். வாரண்டி கேட்டால், தண்ணீர் பட்டதற்கும் உடைந்ததற்கும் கிடையாது என்று அட்டையிலேயே இருக்கிறதாம். திரை மாற்றப் புது டி.வி. விலையில் முக்கால்வாசி கேட்டிருக்கிறார்கள். அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த மெத்தென்ற மைக்ரோ ஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.

கரண்ட் பில் பற்றிப் பயம் வேண்டாம். 100 வாட் டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். வாங்குமுன் வாட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் டி.வி. பிளக்கோடு கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பாதிப் பேர் பிளக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பரணில் பழைய 21 இன்ச் பெட்டியோ, 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் டி.வி.யோ கிடந்தால், பேரீச்சம்பழக்காரரிடம் போடாதீர்கள். அந்தக் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது, தெருவில் உடைத்தால் யாருக்கும் நல்லதில்லை. புது டி.வி. வாங்கும்போதே பழசை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டு, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்ப்பதுதான் சரி.

கடைசியாக எனக்கு ஒரு உதவி வேண்டும். மாமனார் 1994-ல் வீடு கட்டியபோது, தேக்கில் ஷோகேஸ் செய்து, நடுவில் 21 இன்ச் டி.வி.க்கு அளவெடுத்து ஒரு சதுரப் பொந்து விட்டிருந்தார். அதன் மேல்தான் எம்பிராய்டரி விரிப்பு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எல்லாம் இருந்தது. தட்டை டி.வி.யின் தலையில் ஒரு பொம்மைகூட வைக்க முடியாது! பொம்மையைப் பொந்துக்குள் வைத்துப் பார்த்தோம், அநாதையாகத் தெரிகிறது. நவராத்திரிக்கு மட்டும் கொலுவுக்கு உதவுகிறது. மற்ற பதினொன்றரை மாதம் அந்த இடத்தை என்ன செய்யலாம்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொந்து இருந்து, உருப்படியாக ஏதாவது செய்திருந்தால் எழுதுங்களேன். ஷோகேஸை எடுத்துவிடலாம் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அத்தை இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.