கசடும் வயல் மண்ணும்: சோதிக்க வேண்டியது எதனை?

இரசாயனப் பசளை இறக்குமதிக்கு 2021 மே மாதத்தில் விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. அக்காலத்தில் நாடெங்கும் விவசாயிகள் சேதனப் பசளையைத் தேடி அலைந்தனர். தடை நீங்கிய பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. நகரக் குப்பையிலிருந்து ஆக்கப்படும் கூட்டெருவையும், மலசலகூடக் குழிகளிலிருந்து பவுசர்களில் அகற்றப்படும் கசட்டையும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் இடலாமா என்பதே அது.

கசட்டில் பயிருக்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் உண்டு. ஆனால் மின்கலம், வர்ணப்பூச்சு, பட்டறைக் கழிவு ஆகியன கலந்தால் கட்மியம், ஈயம், நாகம், செம்பு போன்ற பார உலோகங்களும் சேர்கின்றன. இவை உக்கி அழிவனவல்ல. மண்ணில் சேர்ந்தால் தலைமுறைகளுக்குத் தங்கிவிடும்.

எனினும், மண்ணில் எவ்வளவு உலோகம் உள்ளது என்பதைவிட, அதில் எவ்வளவு நீரில் கரைந்து வேருக்குக் கிட்டுகின்றது என்பதே முக்கியமானதாகும். அதனைத் தீர்மானிப்பது சூழலே.

முதலாவது, அமிலத்தன்மை. மண்ணின் பீ.எச். பெறுமானம் குறையும்போது கட்மியமும் நாகமும் மண் துகள்களிலிருந்து எளிதில் விடுபடுகின்றன. யூரியாவைத் தொடர்ந்து இடுவதும் மண்ணை மெல்ல அமிலமாக்கும். ஐரோப்பிய சமூகம் 1986இல் கசடு இடப்படும் மண்ணுக்குரிய கட்மிய எல்லையைக் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என வகுத்தபோது, பீ.எச். 6 முதல் 7 வரையான மண்ணையே அடிப்படையாகக் கொண்டது.

இரண்டாவது, வெப்பம். உலோகத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பது கசட்டிலுள்ள சேதனப் பொருளாகும். நமது வெப்பத்தில் அது விரைவில் உக்குவதால் அப்பிடி தளர்கின்றது.

மூன்றாவது, நீர். வயலில் நீர் தேங்கி நிற்கையில் ஒட்சிசன் குன்றி, கட்மியம் கரையாத சல்பைட்டாக மாறுகின்றது. அறுவடைக்கு முன் நீரை வடித்ததும் அது மீண்டும் கரைகின்றது. நெல்மணி முற்றும் காலமும் அதுவே.

நான்காவது, உவர். உப்பிலுள்ள குளோரைட்டு கட்மியத்துடன் இணைந்து அதனை நீரோடு நகரச் செய்கின்றது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த நமது கரையோரத்துக்கு உவர் புதியதல்ல. அத்துடன், மணற்பாங்கான மண்ணுக்கு உலோகத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறைவு.

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் கட்மியம் சோற்றினூடாகவும் நீரினூடாகவும் மக்களின் சிறுநீரகங்களையும் எலும்புகளையும் சிதைத்ததை அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. நமது கசடு சுரங்கக் கழிவல்ல. ஆயினும் மூவேளையும் சோறுண்ணும் சமூகத்துக்கு அதில் படிப்பினை உண்டு.

எனவே பசளையை ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் வழங்குவது போதாது. அது இடப்படும் வயலின் பீ.எச். பெறுமானமும் உவர்த்தன்மையும் போகத்துக்குப் போகம் அளவிடப்பட வேண்டும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடப்பட வேண்டும். மின்கலங்களை வீட்டிலேயே பிரித்தெடுக்கும் ஏற்பாட்டை உள்ளூராட்சி சபைகள் செய்ய வேண்டும். மண்ணில் சேர்ந்த உலோகத்தை அகற்றுவது மிகக் கடினம். சேராமல் தடுப்பது நம் கையிலேயே உள்ளது.