பாலும் பெண்டிரும் புல்வெளியும்

பாண்டுப்பில் நம் இல்லங்களில் பால் காயும் மணத்தோடுதான் பொழுது புலர்கின்றது. மேற்கே குன்றுகளுக்கு அப்பால், 1949ஆம் ஆண்டில் தோன்றிய ஆரே பாற்குடியிருப்பு உள்ளது. ஆயினும் பாலுக்குப் பின்னால் புல் உண்டு, புல்லுக்குப் பின்னால் நிலம் உண்டு என்பதை நகரத்தில் வாழும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த நிலம் சுருங்கும்போது முதலில் கை வறண்டு போகிறவள் பெண்ணே.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் பன்னி என்னும் புல்வெளி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றது. அங்கு வாழ்வோர் மால்தாரிகள். ‘மால்’ என்றால் கால்நடை. செல்வம் என்றும் பொருள்படும். நம் மொழியிலும் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டன்றோ? பன்னி எருமைகள் இரவெல்லாம் தாமே மேய்ந்து, விடியலில் கறவைக்கு வீடு திரும்பும் இயல்புடையவை. 2010இல் இவை தனி இனமாக ஏற்கப்பட்டன. கடைவதும் நெய் காய்ச்சுவதும் அங்குள்ள பெண்டிரின் கைவேலை.

இப்புல்வெளி 1955இல் பாதுகாக்கப்பட்ட காடென அறிவிக்கப்பட்டது. உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க, 1960களில் சீமைக்கருவேலம் நடப்பட்டது. இராமநாதபுரத்தாருக்கும் நெல்லையாருக்கும் இம்மரத்தை நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கச்சு மக்கள் இதனைப் ‘பைத்தியக்கார வேல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அது புல்லை விழுங்கியது. அதன் காய்களைத் தின்ற காங்க்ரேஜ் பசுக்கள் நலிந்தன. மழையோ என்றும் குறைவு; இப்போது காலமும் தவறுகின்றது. வெப்பம் மிகுந்தால் நீரில் கிடக்க விரும்பும் எருமை பால் குறைத்துவிடும். பொதுநிலத்தில் சிலர் வேலியிட்டுப் பயிரிடவே, வழக்கு எழுந்தது. ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டு, மால்தாரிகளின் உரிமையையும் உறுதி செய்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்களிடையே, மந்தையை ஆள்பவர் பெரும்பாலும் ஆடவர், பால் பெண்ணுக்குரியது. அவள் அதைத் தயிராக்கிச் சுரைக்குடுவையில் சந்தைக்குச் சுமந்து செல்வாள். அக்காசில் தானியமும் உப்பும் பிள்ளைகளுக்குத் துணியும் வாங்குவாள். 1968 முதல் 1973 வரை நீடித்த கொடும் வறட்சியில் மந்தைகள் மடிந்தன. பின்னர் மேய்ப்பர் தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல, உழவரோடு மோதல் மூண்டது. நைஜீரியாவின் பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலையே தடை செய்தது. பயிரைக் காக்க விழையும் உழவரின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், ஆடவர் மந்தையோடு தொலைவு சென்றுவிட, வீட்டிலிருப்பவளுக்குக் கறக்க மாடில்லை. சந்தைக்குச் செல்லும் வழியிலோ அச்சம் நிற்கின்றது. மாடு இழந்தவனின் நட்டத்தைக் கணக்கிடுவோர் உண்டு. பால் இழந்தவளின் நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தயிர்ப்பானையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய்க் கூவி விற்ற பெண்டிரை நம் ஊர்களில் கண்டவர்கள் நம்முள் இன்னும் இருக்கின்றனர். மோர் விற்ற காசில் மகனைப் பம்பாய்க்கு இரயிலேற்றி அனுப்பிய தாயரும் உண்டு. ஆகவே, அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டு வருவார்களாக. ஊரின் மேய்ச்சல் புறம்போக்கு இன்னும் மேய்ச்சலுக்கே இருக்கின்றதா? பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, கறப்பவள் பெயரில் இருக்கின்றதா? இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்கும் ஊரில், வானம் பொய்த்தாலும் குடும்பம் ஓரளவு நிலைத்து நிற்கும்.