வெயிலில் பெருகும் எண்ணெய்

சித்திரை மாதத்தில் மதுரையின் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. தல்லாகுளம் கடைத்தெருவில் வெயிலில் இறக்கி வைத்த எண்ணெய்த் தகரமோ அதனினும் சூடேறும். விளிம்பு வரை நிரப்பி மூடிய தகரம் அவ்வேளையில் உப்புவதையும், மூடியோரம் கசிவதையும் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். உள்ளிருக்கும் எண்ணெய் எடையில் ஒரு குன்றிமணியும் கூடுவதில்லை; இடத்தை மட்டுமே அதிகமாக அடைத்துக்கொள்கிறது. ஆகவே நிறுத்து வாங்குவோருக்கு இதனால் நஷ்டமில்லை; அளந்து வாங்குவோருக்கே நஷ்டம்.

நஷ்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறியலாம். எண்ணெய் அடைத்து விற்போர் சிலர் 60 டிகிரி வரை உஷ்ணநிலை குறித்து லிட்டர் அளவை அச்சிட்டு வந்தனர். 2022ஆம் ஆண்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, உஷ்ணநிலை குறியாமல் அளவோடு எடையையும் அச்சிடுமாறு அறிவுறுத்தியது. அத்துறை காட்டிய கணக்கின்படி, ஒரு லிட்டர் சோயா எண்ணெயின் எடை 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராமே. லிட்டர் குறையவில்லை, எண்ணெய் 26.5 கிராம் குறைந்துவிட்டது!

இதிலிருந்தே பெருக்க எண்ணைக் காணலாம். 892.6ஐ 919.1ஆல் வகுத்தால், அந்த எண்ணெய் 21 டிகிரியில் 971.2 மில்லிலிட்டர் இடமே கொள்ளும் என்று விளங்கும். 39 டிகிரி ஏறியதும் அது 1000 ஆகிறது. பெருக்கம் 28.8, இதை 971.2ஆலும் 39ஆலும் வகுக்க 0.00076 வரும். கடலை எண்ணெய்க்கும் இதை ஒட்டிய எண்ணே. தொடக்க அளவு, இந்த எண், ஏறிய டிகிரி ஆகிய மூன்றையும் பெருக்கினால் பெருக்கம் கிடைக்கும்.

15 லிட்டர்த் தகரம் 25 டிகிரியிலிருந்து 45க்கு ஏறினால் எண்ணெய் 228 மில்லிலிட்டர் பெருகும். தகரமும் விரிந்து சுமார் 11 மில்லிலிட்டர் இடம் தரும். மிச்சம் ஒரு தம்ளருக்கு மேல். அதற்கு மேற்புறம் இடம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

கடலை ஆட்டிய சூட்டோடு எண்ணெயை அளந்து வாங்கி, மறுநாள் குறைவு கண்டு ஆலைக்காரர் மீது ஐயுறுவோர் உண்டு. 60 டிகிரியில் அளந்த 15 லிட்டர், 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் குறைவது இயற்கை. அதற்கு மேல் குறைந்தால் கேட்க வேண்டியதுதான்.

நெசவாளரின் சாயக் கொப்பரைக்கு இந்த எண் பொருந்தாது. தண்ணீர் சூடேற ஏற அதன் பெருக்க எண்ணும் ஏறும். 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு எனக் கொள்க. 100 லிட்டர்க் கொப்பரையில் 4 லிட்டர் இடம் அதற்கே போய்விடும். நுரைக்கு வேண்டிய இடம் தனி.