மூன்று நிமிடத்தில் பிறந்த ராகம்

முன்திட்டம் இல்லாமல் அலி அக்பர் கான் வாசித்தது நிலைத்து நிற்கிறது. காரணம் அதிர்ஷ்டமல்ல.

குருவின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடம் செய்வது சீடனின் வேலை. சரோட் மேதை உஸ்தாத் அலி அக்பர் கானோ தன் இசைத்தட்டுக்குத் தானே சீடரானார்.

அது 78 ஆர்.பி.எம். தட்டுகளின் காலம். ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் மூன்று நிமிடம். ஒலிப்பதிவுக்கு அமர்ந்த அவர், அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றை அந்த நேரத்துக்குள் வாசித்து முடித்தார். மால்கௌன்ஸ், சந்திரகௌன்ஸ், நந்தகௌன்ஸ், கௌசி கானடா ஆகிய நான்கு ராகங்களின் சாயல் அதில் இருந்தது. 'சந்திரநந்தன்' என்று பெயரும் சூட்டினார். தட்டு பிரபலமாயிற்று, கச்சேரிகளில் ரசிகர்கள் அதைக் கேட்கத் தொடங்கினார்கள். வாசித்தவருக்கோ அதன் போக்கு நினைவில் இல்லை. தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுத்தான் மீட்டெடுத்தார். 1960களில் மஹாபுருஷ் மிஸ்ராவின் தபலாவுடன் அதே ராகத்தை 20 நிமிடங்களுக்கு மேல் விரித்து வாசித்த பதிவு, இந்துஸ்தானி இசையின் அரிய சொத்துகளில் ஒன்று.

திடீரென வந்த அருள் என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மத்தியப் பிரதேசத்தின் மைஹரில் தந்தை அலாவுதீன் கானிடம் நாளுக்கு 18 மணி நேரம்வரை சாதகம் செய்ததாக அலி அக்பர் சொல்லியிருக்கிறார். கர்நாடக இசையின் ஹிந்தோளத்துக்குரிய ஸ்வரங்களைக் கொண்டது மால்கௌன்ஸ். அதில் எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டு விலகுவது என்பது விரல்களில் ஊறியிருந்ததால்தான், வேறு மூன்று ராகங்களை அதனருகே கொண்டுவந்தபோதும் கலவை குழம்பவில்லை.

மேடையிலும் இதே நியதிதான். தாளமில்லாத ஆலாப்பில் கலைஞர் ராகத்தின் முகத்தைத் தீட்டுகிறார். தபலா சேர்ந்ததும் 'கத்' என்ற சிறிய உருப்படி ஒரு முளைக்குச்சியாகிறது. 16 மாத்திரை தீன்தாளில் எவ்வளவு தூரம் ஓடினாலும் முதல் தட்டான 'சம்'முக்கு வந்து சேரவேண்டும். கல்பனாஸ்வரம் பாடுபவர் எடுப்பில் வந்து இறங்குவதைக் கேட்டிருக்கும் நமக்கு இது புதிதல்ல. திரும்ப இடம் இருப்பதால்தான் தைரியமாக விலக முடிகிறது. அது இல்லாத மனோதர்மம் வெறும் விரல் வேகம். கைதட்டல் அடங்கும்போதே மறந்துவிடும்.

அந்தத் தட்டு இல்லாதிருந்தால் சந்திரநந்தனும் காற்றோடு போயிருக்கும். ஆனால் அதைப் பிழைக்கவைத்தது தட்டு மட்டுமல்ல. கேட்டு, அதன் இலக்கணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி விரித்துப் பார்க்கும் அளவுக்கு அந்த மூன்று நிமிடத்தில் சரக்கு இருந்தது. 2009இல் அலி அக்பர் மறைந்தார். அவரது சீடர்கள் இன்றும் சந்திரநந்தன் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக.