யூஃபோனியத்துக்கு ஒரு நாற்காலி!

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக் குழுவைக் கவனித்திருக்கிறீர்களா? ட்ரம்பெட்காரர் பாட்டை எடுப்பார், டிரம்ஸ்காரர் கூட்டத்தை ஆட வைப்பார். இடையே பெரிய பித்தளை வாத்தியம் ஒன்றைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் நடப்பார். அதுதான் யூஃபோனியம். அவர் பக்கம் யார் பார்வையும் போகாது.

'இனிய குரல்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1840-களில் ஜெர்மனியில் பிறந்த வாத்தியம். டிராம்போனும் இதுவும் ஒரே ஸ்தாயிதான். ஆனால் யூஃபோனியத்தின் குழாய் மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போவதால் ஓசை உருண்டு, குழைந்து வரும். டிராம்போன் கத்தி என்றால் இது வெண்ணெய்.

பிரிட்டனின் பிராஸ் பேண்டுகளில் இதற்கு ராஜ மரியாதை. ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ செய்யும் வேலையை அங்கே இரண்டு யூஃபோனியங்கள் செய்யும். ஆனால், பேண்டை விட்டு வெளியே வந்து நாலு நண்பர்களோடு சின்னக் குழு தொடங்கினால்தான் சிக்கல். ஐவர் குழு என்றால் இரண்டு ட்ரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா என்பது வழக்கம். 1951-ல் பிலிப் ஜோன்ஸ் லண்டனில் தொடங்கிய புகழ்பெற்ற குழுவின் பத்துப் பேர் அமைப்பிலும் நான்கு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், நான்கு டிராம்போன், ஒரு டியூபாதான். பல வருஷம் பழகியவருக்கு உட்கார நாற்காலியே இல்லை!

அவர் முதலில் தேட வேண்டிய பெயர் விக்டர் எவால்ட். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிவில் இன்ஜினீயரிங் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் செல்லோ வாசித்தவர். பித்தளை வாத்தியங்களுக்காக அவர் எழுதிய ஐவர் இசையில், இன்று டிராம்போன் வாசிக்கும் நான்காவது பகுதி உண்மையில் யூஃபோனியத்தின் நெருங்கிய உறவான டெனர் ஹார்னுக்காக எழுதப்பட்டது. ஆக, யூஃபோனியக்காரர் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். அதுவும் செல்லோக்காரர் எழுதியதாயிற்றே, நடுக்குரலுக்கும் நீண்ட, பாடும் வரிகள் கிடைக்கின்றன. பழைய படைப்பு என்பதால் முதல் குவின்டெட்டின் நோட்ஸ் இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது.

அடுத்து, 1597-ல் வெனிஸில் அச்சான ஜியோவானி கேப்ரியேலியின் இசைத் தொகுப்பு. அதில் டிராம்போன் வரிகளில் ஒன்றை யூஃபோனியத்தில் வாசித்தால் அந்தத் தேவாலய இசைக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடும்.

எல்லா டிராம்போன் பகுதியும் சரிப்படாது. சறுக்குக் குழாயை இழுத்து ஸ்வரத்தை வழுக்கவிடும் இடங்கள் இருந்தால் தவிர்த்துவிடலாம், வால்வு வாத்தியத்தில் அது எடுபடாது. இன்னொரு தலைவலி, எழுத்து முறை. பிராஸ் பேண்டுகளில் யூஃபோனியத்துக்கு ட்ரெபிள் கிளெஃபில் எழுதுவார்கள். டிராம்போன் நோட்ஸோ பேஸ் கிளெஃபில் வரும். இரண்டையும் படிக்கப் பழகாதவருக்குப் பாதிக் கதவுகள் மூடியேதான் இருக்கும்.

ஆள் கிடைத்தால் இரண்டு யூஃபோனியம், இரண்டு டியூபா என்று நால்வர் குழுவே அமைத்துவிடலாம். அதற்கென்றே எழுதப்பட்ட இசை நிறைய உண்டு. இங்கே மேல்குரல் பாடுவதே யூஃபோனியம்தான். பெரிய பேண்டு வாய்த்தவர்கள் ஜோசப் ஹோரோவிட்ஸ் 1972-ல் எழுதிய யூஃபோனியம் கான்செர்ட்டோவைத் தேடிக் கேட்கலாம். நிதானமாக நகரும் அதன் நடுப்பகுதியை முதலில் கேளுங்கள். அடுத்த கல்யாண ஊர்வலத்தில் கண் தானாக அந்த நடு ஆளைத் தேடும்.